இடுப்பில் கட்டிய சார்ஜர்

வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம், என் உடம்புக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் இடது இடுப்புக்குச் சற்று மேலே, பின்பக்கமாக, தோலுக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதற்குள் பேட்டரி. செல்போன் மாதிரி அதில் ஒயரைச் செருக முடியாது. செருகுவதற்கு என் உடம்பில் ஓட்டை எதுவும் வைக்கவில்லை. ஆகவே ஒரு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, அதிலிருக்கும் வட்டமான சார்ஜரை அந்தப் பெட்டிக்கு நேராகத் தோலின்மேல் பொருத்திக்கொண்டால், ஒயரே இல்லாமல் மின்சாரம் உள்ளே போகும். அது போய்க்கொண்டிருக்கும்போது நான் கீரை ஆய்வேன், விடைத்தாள் திருத்துவேன், பக்கத்து வீட்டுக்காரியோடு வம்பு பேசுவேன்.

பள்ளியில் கூட வேலை பார்க்கிறவர்கள் கேட்காத கேள்வி இல்லை. "மழையில நனையலாமா டீச்சர்?" என்றார் ஒருவர். "கரண்ட் கட்டானா நீங்க நின்னுடுவீங்களா?" என்றார் இன்னொருவர். எங்கள் பள்ளியில் யாரும் செல்போனுக்கே இன்னும் ஒயர் இல்லாமல் சார்ஜ் ஏற்றக் காணோம். ஒரு மனுஷிக்கு ஏற்றுகிறார்கள் என்றால் கேட்கத்தான் செய்வார்கள். நானும் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னேன். இப்போது சலித்துவிட்டது. ஒரே தடவையாக எழுதி வைத்துவிட்டால், கேட்கிறவர்கள் கையில் காகிதத்தைக் கொடுத்துவிட்டுக் காலை நீட்டி உட்காரலாம். தவிர, நான் செய்த முட்டாள்தனத்தை இன்னொருவர் செய்யக்கூடாது. அதிலும் காஞ்சிபுரத்துக்காரர் யாரும் செய்யக்கூடாது.

என் பெயர் புவனேஸ்வரி. வாலாஜாபாத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வீடு சின்ன காஞ்சிபுரத்தில். என் கணவர் தயாளன் டைலர். பட்டுப்புடவைக்கு ரவிக்கை தைப்பதில் எங்கள் பக்கத்தில் அவருக்கு நல்ல பெயர். வீட்டின் முன்னறையிலேயே மெஷின் போட்டிருக்கிறார். ஒரே மகள் நித்யா, ஏனாத்தூரில் கல்லூரியில் படிக்கிறாள்.

எல்லாம் ஒரு பஸ்ஸில் ஆரம்பித்தது. வாலாஜாபாத்தில் இறங்கும்போது நான் ஒரு காலைத் தரையில் வைத்தேன், டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். பொத்தென்று ரோட்டில் உட்கார்ந்தேன். எழுந்து, புடவையைத் தட்டிவிட்டு, யாரும் பார்த்தார்களா என்று பார்த்துவிட்டு, பள்ளிக்குப் போய் நான்கு பீரியடு எடுத்தேன். ஒரு வாரம் கழித்துத்தான் இடது காலில் வலி இறங்கியது.

ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்பு ஒரே கம்பு அல்ல, துண்டு துண்டாக அடுக்கியது. இரண்டு துண்டுக்கு நடுவே மெத்தை மாதிரி ஒரு வட்டு இருக்கும். எனக்குக் கீழ்முதுகில் ஒரு வட்டு பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. பிதுங்கியதை வெட்டி எடுத்தால் சரியாகிவிடும் என்றார்கள். வெட்டி எடுத்தார்கள். தையல் ஆறியது, வலி ஆறவில்லை. இடது பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்பக்கமாக இறங்கி, சுண்டுவிரல் வரை எரியும். நிற்க முடியாது. உட்கார்ந்தாலும் பத்து நிமிஷம்தான் தாங்கும். வகுப்பில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு பெண்ணைக் கூப்பிட்டு போர்டில் எழுதச் சொல்லிப் பாடம் நடத்தினேன். லீவெல்லாம் தீர்ந்துபோனது. நின்று பாடம் எடுக்க முடியாத டீச்சர் எத்தனை நாள் டீச்சராக இருக்க முடியும் என்ற பயம் எனக்கு வலியைவிடப் பெரிதாக இருந்தது.

அதற்குப் பிறகு சென்னை. விடியற்காலை பஸ், டோக்கன், பிளாஸ்டிக் நாற்காலி. உட்கார முடியாதவளை உட்காரச் சொல்லிக் காக்க வைக்கிற இடத்துக்குப் பெயர் முதுகுவலிப் பிரிவு. நான் சுவரில் சாய்ந்து நிற்பேன், முடியாதபோது உட்காருவேன், அதுவும் முடியாதபோது என் கணவர் தோளைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடப்பேன். காலில் மெல்லிய ஊசிகளைக் குத்தி நரம்பில் மின்சாரம் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று பார்த்தார்கள். இன்னொரு ஸ்கேன் எடுத்தார்கள். கடைசியில் ஒரு டாக்டர், பொறுமையான மனிதர், படத்தைத் திரையில் மாட்டிவிட்டு, "இப்ப எதுவும் நரம்பை அழுத்தலைம்மா. நரம்பே புண்பட்டுப்போச்சு. காரணம் போனாலும் அது வலிச்சுக்கிட்டே இருக்கு. இன்னொரு தடவை வெட்டிப் பிரயோஜனம் இல்லை" என்றார். இத்தனை நாளில் என் வலியை நம்பிய முதல் டாக்டர் அவர்தான். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

அவர்தான் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொன்னார். தண்டுவடத்தை மூடியிருக்கும் உறைக்கு வெளியே, எலும்புக்கு உள்ளே, ஒரு மெல்லிய கம்பியைச் செலுத்தி வைப்பார்கள். அதன் வழியாகச் சிறு மின்துடிப்பு போய்க்கொண்டிருக்கும். காலிலிருந்து மூளைக்குப் போகிற வலிச் செய்தியை அது மறித்துவிடும். வலிக்குப் பதிலாக லேசாக எறும்பு ஊறுகிற மாதிரி இருக்கும். முதலில் ஒரு வாரம் சோதனை: கம்பி உள்ளே, பெட்டி வெளியே இடுப்பில். வலி பாதிக்குமேல் குறைந்தால்தான் பெட்டியையும் உள்ளே வைப்பார்கள்.

சோதனைக்காகக் கம்பி வைத்தபோது என்னை மயக்கவில்லை. குப்புறப் படுக்கவைத்து, முதுகை மட்டும் மரத்துப்போக வைத்து, "எங்க தெரியுது, சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே கம்பியை நகர்த்தினார்கள். வயிற்றில் தெரிந்தது. வலது காலில் தெரிந்தது. "இல்ல சார், தப்பு" என்று நான் வகுப்பில் சொல்கிற மாதிரியே சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு திடீரென்று இடது தொடை, முழங்கால், பாதம், சுண்டுவிரல். எரிந்துகொண்டிருந்த பாதை முழுக்க எறும்பு ஊறியது. "அங்கதான் சார், அங்கதான்!" என்று கத்தினேன். அறையிலிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அந்த ஒரு வாரம் நான் தூங்கினேன். வேறென்ன சொல்ல? இரண்டு வருஷத்துத் தூக்கம். என் கணவர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரிப் போர்வையில் பிரிந்துபோயிருந்த ஓரத்தை ஊசியும் நூலுமாகத் தைத்துக்கொண்டிருந்தார். நர்ஸ் பார்த்துவிட்டு இன்னும் நாலு போர்வை கொண்டுவந்து கொடுத்தாள்.

பெட்டி விலை பெரிது. என் வைப்பு நிதி, என் நகை, ஓர் அறக்கட்டளையின் உதவி எல்லாம் சேர்ந்துதான் எட்டியது. அந்தச் சமயத்தில்தான் பழைய சரிகை வாங்குகிறவன் எங்கள் தெருவுக்கு வந்தான். என் கல்யாணப் புடவை, அரக்கு நிறம், மடித்து மடித்து வைத்ததில் மடிப்பெல்லாம் விட்டுக் கிழிந்துபோயிருந்தது. முந்தானை மட்டும் அப்படியே இருந்தது. இரண்டு அன்னம், முழுக்கச் சுத்தச் சரிகை. அதில் உள்ள வெள்ளிக்கு நல்ல விலை வரும் என்று நான் எடுத்துக்கொண்டு போனேன். அவர் மெஷினிலிருந்து எழுந்து வந்து வாங்கிக்கொண்டார்.

"அத எரிச்சு வெள்ளி எடுத்துடுவான் புவனா. உள்ள வை."

"கிழிஞ்ச புடவைங்க அது."

"கிழிஞ்சா இன்னா? உள்ள வைன்றேன்."

வைத்தேன்.

பெட்டியை உள்ளே வைத்துத் தைத்த பிறகு, கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்தான். பிரவீன் என்று பெயர், கோயம்புத்தூர்க்காரன். சார்ஜரை எப்படிப் பயன்படுத்துவது என்று அவன்தான் கற்றுக்கொடுத்தான். சார்ஜரை முதலில் வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் ஏற்றிக்கொள்ள வேண்டும். பிறகு அதைப் பெல்ட்டில் வைத்துக் கட்டிக்கொண்டு எங்கு வேண்டுமானாலும் நடமாடலாம். கையளவு திரை ஒன்று உண்டு. சார்ஜர் பெட்டிக்கு நேராக இருந்தால் அதில் எட்டுக் கட்டம் நிரம்பும். விலகினால் கட்டம் குறையும், பீப் பீப் என்று கத்தும். "மெல்லிசா ஒரு துணி நடுவுல இருக்கலாம் மேடம். மெட்டல் எதுவும் இருக்கக் கூடாது" என்றான். நான் நோட்டில் எழுதி, 'மெட்டல்' என்பதன் அடியில் கோடு போட்டுக்கொண்டேன்.

ஒயரில்லாமல் எப்படி மின்சாரம் போகும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு கம்பிச் சுருளில் மின்சாரம் மாறி மாறி ஓடினால் அதைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும். அது பக்கத்திலிருக்கும் இன்னொரு சுருளில் மின்சாரத்தைத் தூண்டும். நடுவே உலோகம் வந்தால் அந்தச் சக்தியை உலோகம் தின்றுவிட்டுச் சூடாகும். பத்தாம் வகுப்பில் வருஷா வருஷம் நடத்துகிற பாடம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், என் வெட்கத்துக்குக் காரணம் புரியும்.

நான் ஒழுங்காகத்தான் இருந்தேன். பெல்ட் கட்டுகிற நேரத்தில் இடுப்புச் சாவிக்கொத்தை எடுத்துவிடுவேன். புடவையில் ஒரு ஊக்கு இருக்காது. சார்ஜர் வைக்கிற இடம் பின்பக்கமாக இருப்பதாலும், நான் உடம்பைத் திருப்பக் கூடாது என்பதாலும், அவர்தான் கட்டிவிடுவார். மெஷினை நிறுத்திவிட்டு வந்து, தழும்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, அளவு எடுக்கிற மாதிரி வைப்பார். "எத்தினி?" என்பார். நான் திரையைப் பார்த்து "ஏழு" என்பேன். ஒரு நூல் அளவு நகர்த்துவார். "எட்டு" என்பேன். போய்விடுவார். இவ்வளவுதான் பேச்சு. திரும்ப வகுப்பில் நின்று பாடம் எடுத்தேன். சுண்ணக்கட்டியை நானே பிடித்தேன்.

பிறகு கோடை வந்தது. மின்வெட்டோடு வந்தது. விசிறி இல்லாமல் இரண்டு மணி நேரம் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் இடுப்பைச் சுற்றி வேர்க்குரு. சொறிந்து சொறிந்து தழும்பு ஓரம் சிவந்துவிட்டது. அவர் அதைக் கவனித்திருக்கிறார். ஒருநாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது பெல்ட்டுக்கு ஓர் உறை தயாராக இருந்தது. நான்காக மடித்த அரக்குப் பட்டு, முழுக்கச் சரிகை, நேர் நடுவில் என் கல்யாண முந்தானையின் இரண்டு அன்னம். தோலில் படுகிற பக்கம் மெல்லிய பருத்தி உள்துணி வைத்து, சரிகை குத்தாமல் தைத்திருந்தார். தையல் வெளியே தெரியவே இல்லை.

"பொடவ ஒடம்புல மத்த எடமெல்லாம் நைஞ்சிபோச்சி, முந்தானதான் கெட்டியா இருந்துது. பட்டு, சில்லுனு இருக்கும்" என்றார்.

நான் அந்த அன்னங்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அத்தனை வருஷத்தில் அவர் எனக்காகத் தைத்ததிலேயே அழகானது அது. அதைச் சொல்லவும் செய்தேன்.

அன்றைக்கு இரண்டு கட்டம்தான் வந்தது. அவர் மேலே நகர்த்தினார், கீழே நகர்த்தினார். இரண்டு. அரை மணியில் சார்ஜர் சூடாகி, கத்தி, தானே நின்றுவிட்டது. வெயிலென்று நினைத்தோம். மறுநாளும் அப்படித்தான். விட்டு விட்டு மூன்று மணி நேரம் கட்டியும் பெட்டி கால்வாசிகூட நிரம்பவில்லை. மூன்றாவது வாரம், வகுப்பில் நின்றுகொண்டிருந்தபோது, இடது காலில் ஊறிக்கொண்டிருந்த எறும்பு சட்டென்று நின்றது. பேட்டரி தீர்ந்துவிட்டது. பீரியடு முடிவதற்குள் எரிச்சல் சுண்டுவிரல் வரை வந்துவிட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். முன் பெஞ்சுப் பெண் எழுந்து வந்து சுண்ணக்கட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

சென்னைக்குப் போனோம். அங்கே வைத்துப் பார்த்தார்கள். எட்டுக் கட்டம்! இரண்டே மணி நேரத்தில் முக்கால்வாசி ஏறிவிட்டது. "சரியா பொருத்துங்கம்மா" என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தோம். இரண்டு கட்டம். திரும்பப் போனோம். எட்டு. சார்ஜரையே மாற்றிக் கொடுத்தார்கள். வீட்டில் இரண்டு. வீட்டு மின்சாரம் சரியில்லையோ என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்தோம். நித்யா பெல்ட்டோடு என்னை மொட்டை மாடியில் உட்கார வைத்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் உறையைக் கழற்றி, மடித்து, பீரோவில் வைத்துவிட்டுத்தான் போவேன். கல்யாணப் பட்டு, ஆஸ்பத்திரி அழுக்கு அதில் படலாமா? அந்தப் புத்தி எனக்கு நன்றாக வேலை செய்தது.

டாக்டர் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். சில பேருக்கு உள்ளே வைத்த பெட்டி அதன் இடத்திலேயே புரண்டுவிடுமாம். நிற்கும்போது ஒரு மாதிரி, படுக்கும்போது ஒரு மாதிரி ஆடலாம். எக்ஸ்ரேயில் நிச்சயமாகத் தெரியவில்லை. "திறந்து பார்த்து, திரும்பத் தைச்சுடலாம். சதை ரொம்ப இளகியிருந்தா..." என்று நிறுத்தினார். "எடுத்துடுவீங்களா சார்?" என்றேன். "அப்படி ஆகாதுன்னு நம்புவோம்" என்றார். வரும் வழியில் பஸ்ஸில் நான் அழவில்லை. களைத்துவிட்டால் அழுகையும் வராது. அவர் மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "இன்னா பண்றோம்னே புரிலயே, இன்னா பண்றோம்னே புரிலயே" என்று சொல்லிக்கினே வந்தார். ஆமாம், அவர் பேச்சு எனக்கும் தொற்றிவிடும்.

அட்மிட் ஆனேன். மறுநாள் ஆபரேஷன். கையெழுத்து, ரத்தப் பரிசோதனை, காலையிலிருந்து யார் யாரோ வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். அவர் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கீழே போயிருந்தார். அப்போது பிரவீன் வந்தான். முகம் வாடியிருந்தது.

"மேடம், எனக்காக ஒரே ஒரு தடவை. இங்க நாங்க வைக்கிற மாதிரி வேணாம். வீட்ல எப்படிக் கட்டுவீங்களோ அப்படியே கட்டிக் காட்டுங்க. பெல்ட், துணி எல்லாம் உங்களுதே."

இத்தனை நாளில் யாரும் அப்படிக் கேட்கவில்லை. பையைத் துழாவினேன். அடியில் உறை இருந்தது. ஆபரேஷன் முடிந்து பெல்ட் கட்டும்போது வேண்டுமே என்று அவர் துவைத்து மடித்து வைத்திருந்தார். அதை மாட்டி, நர்ஸைக் கட்டிவிடச் சொன்னேன். இரண்டு கட்டம்.

பிரவீன் திரையைப் பார்த்தான். உறையைப் பார்த்தான். விரலால் தடவினான்.

"இது என்ன மேடம்?"

"பட்டு."

"இந்தத் தங்கக் கலர்?"

"சரிகை."

"சரிகைன்னா என்ன மேடம்? நூலா?"

நான் டீச்சர். கேட்டால் பதில் வாயில் வந்துவிடும். "சரிகைங்கிறது வந்து, சிவப்புப் பட்டு நூல்மேல வெள்ளியத் தகடா தட்டிச் சுத்தி, அதுக்குமேல தங்க முலாம்" என்று ஆரம்பித்து, 'வெள்ளி' என்ற சொல் காதில் விழுந்ததும் நின்றுவிட்டேன்.

உறை நான்கு மடிப்பு. சார்ஜருக்கும் என் தோலுக்கும் நடுவே நான்கு மடிப்பு வெள்ளி. ஊக்கைக் கழற்றினேன், சாவிக்கொத்தைக் கழற்றினேன், வளையலைக்கூடக் கழற்றினேன். அதே முந்தானையை வெள்ளிக்காக விற்க எடுத்துக்கொண்டு போனவளும் நான்தான். ஆனால் எங்கள் ஊரில் சரிகை என்றால் துணி. உடுத்துகிறோம், மடிக்கிறோம், அதில் குழந்தையைத் துடைக்கிறோம். அதை உலோகமென்று நினைக்க, சரிகை என்றால் என்னவென்றே தெரியாத ஒருவன் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டியிருந்தது.

பிரவீன் உறையைக் கழற்றினான். எட்டு. மாட்டினான். இரண்டு. கழற்றினான். எட்டு. நர்ஸ் கையைத் தட்டினாள். டாக்டரைக் கூப்பிட ஓடினான் பிரவீன்.

அப்போதுதான் அவர் மருந்துப் பையோடு உள்ளே வந்தார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன், அழுதுகொண்டும் இருந்தேன். என் வாய்க்கு எப்போதும் அவசரம். "எல்லாம் உங்க சரிகையாலதாங்க! ரெண்டு மாசமா என்னைச் சாகடிச்சது உங்க அன்னந்தாங்க!" என்று வார்டே கேட்கக் கத்தினேன்.

அவர் என்னைப் பார்த்தார். கட்டில்மேல் கிடந்த உறையைப் பார்த்தார். கையிலிருந்த மருந்துப் பையை மெல்லக் கீழே வைத்தார். "அப்டியா" என்றார்.

ஆபரேஷன் இல்லை. அன்று சாயங்காலமே வீடு. நியாயமாக நாங்கள் கொண்டாடியிருக்க வேண்டும். அவர் உறையைப் பையிலிருந்து எடுத்து எங்கேயோ வைத்தார், நான் கேட்கவில்லை. அடுத்த வாரம் சார்ஜ் ஏற்றும் நாள் வந்தபோது, "நித்யா, அம்மாவுக்கு வந்து கட்டிவுடு" என்று உள்ளே பார்த்துக் கத்திவிட்டு, மெஷினை மிதித்தார். நான் சிரித்தபடி, "ஏங்க, நீங்க வர்லியா?" என்றேன். காதில் விழாதவர் மாதிரி மிதித்துக்கொண்டே இருந்தார்.

பருத்தியில் ஓர் உறை தைத்துத் தரச் சொன்னேன். மூன்றாம் நாள் வந்தது. கோணல் தையல், மூலையில் நூல் தொங்குகிறது. பார்த்தவுடனே தெரிந்தது, அவர் கை இல்லை. பேருந்து நிலையத்துப் பக்கம் யாரோ ஒரு டைலரிடம் காசு கொடுத்துத் தைத்து வாங்கியிருக்கிறார். ஊருக்கே ரவிக்கை தைக்கிற மனிதர், தன் வீட்டுக்கு நாலு இஞ்சு துணியை வெளியே கொடுத்துத் தைத்திருக்கிறார்! எனக்குக் கோபம் வந்தது. பிறகுதான் எனக்கே உறைத்தது. அன்று வார்டில் நான் கத்தியதை எத்தனை தடவை நினைத்துக்கொண்டேன் என்று எனக்குத்தான் தெரியும். மன்னிப்புக் கேட்கவும் செய்தேன். "நீ இன்னா பண்ண? விடு" என்று போய்விட்டார்.

நித்யா அவசரக்காரி. அவள் வைத்தால் ஐந்து, ஆறு. அதுவும் ஏறத்தான் ஏறும், நேரம் அதிகமாகும், அவ்வளவுதான். இப்படி ஒரு மாதத்துக்கு மேல் ஓடியது.

போன வாரம் நித்யாவுக்குப் பரீட்சை. காலையிலேயே ஏனாத்தூருக்குப் போய்விட்டாள். திரையில் பேட்டரி கடைசிக் கோட்டில் இருந்தது. நானே கையைப் பின்னால் வளைத்துப் பார்த்தேன், முதுகில் சுரீரென்றது. பெல்ட்டையும் கோணல் உறையையும் எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனேன். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் நிற்கிற இடத்தில், மெஷினுக்கு எதிரே, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"இன்னா?" என்றார்.

"அளவெடுங்க."

"நித்யா வரட்டும்."

"அது வர்றதுக்குள்ள பேட்டரி தீந்துடும். திரும்ப எரியும். எனக்கு முடியலங்க. எனக்கு உங்க கைதான் வேணும்."

மெஷின் நின்றது. பிறகு டிராயரைத் திறக்கிற சத்தம், கத்திரி சத்தம். திரும்பிப் பார்க்க என் உடம்பு விடாது. கோணல் உறையை என் கையிலிருந்து வாங்கி, தையலைப் பிரிக்கிறார் என்று சத்தத்தில் தெரிந்தது. மெஷின் ஓடியது, நின்றது. என் பின்னால் வந்து நின்றார்.

"ஒனக்கு நான் செஞ்சதே தப்பாப்போச்சே புவனா. அந்த டாக்டரு பொட்டிய எடுத்திருந்தா? தையல் போட்ட கையாலயே நான்..."

"எடுக்கலியே. அறிவியல் டீச்சர் நானு, எனக்கே தெரியல. நீங்க டைலர்தானே? ரெண்டு பேரும் சேந்துதான் முட்டாளு. கட்டுங்க."

தழும்பைக் கட்டைவிரலால் தடவினார். சார்ஜரை வைத்தார். எடுத்தார். திரும்ப வைத்தார்.

"எத்தினி?" என்றார்.

"ஆறு."

ஒரு நூல் நகர்த்தினார்.

"இப்ப?"

"எட்டு."

பெல்ட்டை இறுக்கிக் கட்டினார். போய்விடவில்லை. சுற்றிக்கொண்டு எனக்கு முன்னால் வந்தார். நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, என் கையிலிருந்த திரையைத் தன் பக்கம் திருப்பி, ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துத் தானே எண்ணினார்.